தீபாவளி விருந்தில் நாய்க்கும் ஒரு வாய் கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். எங்கள் மினியேச்சர் ஷ்னாவ்சர் 7 கிலோ. இந்த வருடம் பூனை ஒன்றும் வந்திருக்கிறது. தீபாவளிக்கு உறவினர்கள் நிறையப் பேர் வருவார்கள். "போன வருடமும் மட்டன் குழம்புச் சோறு போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார் மாமியார். எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: அன்று இரவு நாய் நன்றாக இருந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். விருந்துச் சாப்பாட்டில் நான் அதிகம் பயப்படுவது வெங்காயத்துக்கும் உலர்திராட்சைக்கும்தான். இரண்டுமே தாமதமாகத்தான் வேலையைக் காட்டும்.

வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. சோர்வு, வெளிறிய ஈறு, சிவந்த சிறுநீர் எல்லாம் பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்தே தெரியும். அதற்குள் என்ன கொடுத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே ஆபத்து. பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் போதும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம் என்பது நடுத்தர வெங்காயத்தில் கால் பங்குகூட இல்லை. குழம்பில் வெங்காயம் கரைந்துவிடுவதால் ஒரு கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஒரு வாயில் உங்கள் நாய் விழுந்துவிடாது, மாமியார் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பார்களே!

கேசரி, பாயசம், லட்டு, சில வீட்டுப் பிரியாணி எல்லாவற்றிலும் உலர்திராட்சை இருக்கும். சில நாய்களுக்கு அது ஒன்றும் செய்யாது, சிலவற்றுக்குக் கொஞ்சம் தின்றாலே ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். உங்கள் நாய் எந்த வகை என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று வலுவாகக் கருதப்படுகிறது. புளியிலும் அது உண்டு என்பதால் புளியோதரையும் வேண்டாம்.

ஷ்னாவ்சருக்கு இன்னொரு சிக்கல். இந்த இனத்துக்கு இரத்தக் கொழுப்பு இயல்பாகவே கூடுவதுண்டு. முறுக்கு, நெய்ப் பலகாரம், பொரித்த கோழித் தோல் போன்றவை கணைய அழற்சியைக் கிளப்பிவிடலாம். விடாமல் வாந்தி எடுத்து முதுகை வளைத்து நின்றால் காத்திருக்காதீர்கள்.

வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். எச்சில் தட்டையும் எலும்புப் பையையும் சமையலறைத் தரையில் விடாமல் உடனுக்குடன் குப்பைக் குழாயில் போட்டுவிடுங்கள். சாக்லேட்டும் ஆகாது. நீரிழிவுள்ள பெரியவர்களுக்காக வாங்கும் சர்க்கரையில்லாத மிட்டாயில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடலாம்.

மாமியாருக்குக் கொடுக்க ஆசை இருக்கும், அதைத் தடுக்க வேண்டாம். மசாலா தடவுவதற்கு முன்பே கொஞ்சம் கோழிக்கறியை எடுத்து, உப்பில்லாமல் அவித்து, எலும்பு நீக்கி அவர் கையில் கொடுங்கள். கூட்டம் அதிகமான நேரத்தில் நாயையும் பூனையையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தலாம்.

அப்புறம், பொது விடுமுறையில் பல கிளினிக்குகள் மூடியிருக்கும். 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஒன்றின் எண்ணை இன்றே கைப்பேசியில் சேமித்து வையுங்கள். எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உடனே அழைத்துச் சொல்லுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் வாந்தி எடுக்க வைக்கும் ஊசி போட்டுத் தின்றதில் ஒரு பகுதியையாவது வெளியே எடுத்துவிட வாய்ப்பு அதிகம்.