அக்கா பதில்கள்: மணி 12.07

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு. அண்ணன் பொண்ணு விட்டுட்டுப் போன 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலை, டீனேஜ் பசங்க புக்குதானே, படமெல்லாம் வேற போட்டிருக்கு, சட்டுனு முடிச்சிடலாம்னு எடுத்தேன். முடிச்சு மூணு வாரம் ஆச்சு, இன்னும் நெனச்சா தொண்டை அடைக்குது. வீட்ல கிண்டல் பண்றாங்க. இது நார்மலா?

பதில்: நார்மல்தான்பா, நானும் அந்த கேஸ்தான். படிக்காதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். கானர்னு 13 வயசுப் பையன், இங்கிலாந்து, அம்மாவுக்கு கேன்சர், அப்பா அமெரிக்கால வேற குடும்பத்தோட. தினம் தானே டிபன் செஞ்சு, துணிய மெஷின்ல போட்டு, குப்பையக் கொண்டுபோய் வெச்சிட்டு ஸ்கூலுக்குப் போறான். ராத்திரி 12.07க்கு பின்பக்கம் மேட்டுல இருக்கற யூங்கற ஊசியிலை மரம் பூதமா எழுந்து வந்து, நான் மூணு கதை சொல்வேன், நாலாவது நீ சொல்லணும், அது உண்மையா இருக்கணும்னு நிக்குது.

கடைசி அத்தியாயத்துக்குத்தான் எல்லாரும் அழுவாங்க. என்னப் போட்டு உலுக்கினது வேற. பாட்டி வீட்டு ஹால்ல இருக்கற சாமானெல்லாம் அடிச்சு நொறுக்கிடறான், இன்னிக்கு செத்தோம்னு நிக்கறான், யாரும் ஒண்ணும் பண்ணல. ஸ்கூல்ல ஒருத்தன ஆஸ்பத்திரில சேக்கற அளவுக்கு அடிக்கறான், ரூல்படி ஸ்கூல விட்டே அனுப்பணும், அங்கயும் பாவம் அவங்கம்மா நெலம இப்படின்னு விட்டுடறாங்க. பாக்கறதுக்கு அது இரக்கம். ஆனா அந்தப் பையனுக்கு தண்டனைதான் வேணும், ஏன்னா இதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சாத் தேவலன்னு அவன் உள்ளுக்குள்ள நெனச்சிட்டான், அம்மா போகணும்னு இல்ல, இந்தக் காத்துக்கிட்டே இருக்கறது போகணும்னு, ஆனா ரெண்டும் ஒண்ணுதானேன்னு தானே தன்ன குத்தவாளி ஆக்கிக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம அலையறான்.

படுத்த படுக்கையா இருந்தவங்கள மாசக்கணக்கா பாத்துக்கிட்டவங்களக் கேளுங்க, அந்த நெனப்பு வந்து போயிருக்கும். வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. நானும் சொன்னதில்ல, இப்பத்தான் சொல்றேன். நீங்க யார நெனச்சு அழுதீங்கன்னு நான் கேக்கல.

கேள்வி: இதோட ஐடியா வேற ஒருத்தரோடதாமே?

பதில்: ஆமா. ஷிவான் டவுட்னு ஒரு எழுத்தாளர், கதாபாத்திரங்க, ஆரம்பம் எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தாங்க, எழுதி முடிக்கறதுக்குள்ள 2007ல மார்பகப் புற்றுநோய்ல போயிட்டாங்க, வயசு 47தான். நேர்ல ஒருதடவைகூட அவங்களப் பாத்திராத பேட்ரிக் நெஸ்தான் இதை எழுதினாரு, 2011ல வந்துச்சு. அவங்க நடையக் காப்பி அடிக்காம தன் பாணியில எழுதினாரு பாருங்க, அது பெரிய விஷயம். பிரிட்டன்ல பசங்க புக்குக்குக் குடுக்கற பெரிய விருதுங்க ரெண்டு இருக்கு, மறுவருஷமே எழுத்துக்கு கார்னகி, ஜிம் கே வரைஞ்ச படங்களுக்கு கிரீனவே, ரெண்டு மெடலும் ஒரே புக்குக்கு.

இன்னொண்ணு. டாக்ஸால்ங்கற கேன்சர் மருந்து நெஜமாவே யூ மரப்பட்டைலருந்துதான் முதல்ல எடுத்தாங்க. கதையிலயும் அம்மாவுக்குக் கடைசியா குடுக்கற மருந்து யூலருந்து வந்ததுதான். பூதம் அம்மாவ காப்பாத்தத்தான் வந்திருக்குன்னு பையன் நம்பறது அதனாலதான், பாவி மனுஷன் எவ்ளோ அழகா நம்மளயும் நம்ப வெச்சிடறாரு.

கேள்வி: என் பொண்ணுக்கு 12 வயசு. வீட்ல பாட்டிக்கு ரொம்ப முடியல. இந்த நேரத்துல இதக் குடுக்கலாமா?

பதில்: முதல்ல நீங்க படிங்கம்மா, அப்புறம் குடுங்க. படிச்சிட்டு வந்தா புரிஞ்சுதா, என்ன கத்துக்கிட்டன்னெல்லாம் ஆரம்பிக்காதீங்க. அவளா வந்து ஏதாவது சொன்னா, "ச்சீ, அப்படியெல்லாம் நெனக்கலாமா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதுக்கப்புறம் வாயே தொறக்க மாட்டா. வாங்கும்போது உள்ள புரட்டிப் பாத்து வாங்குங்க, படம் இல்லாத பதிப்பும் ஒண்ணு இருக்கு.