நானோகுழாயைக் கூட்டினால் உறிஞ்சல் ஏன் குறைகிறது?

கேள்வி: எப்பாக்சி பிசினில் கார்பன் நானோகுழாய் கலந்து, அலுமினியத் தகட்டின் மேல் 2 மி.மீ. தடிமனில் ஒரு மைக்ரோவேவ் உறிஞ்சி செய்தேன். எக்ஸ் பேண்டில் (8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ்) எதிரொளிப்பு −4 டெசிபல்தான் வந்தது. நானோகுழாயை எடையில் 1 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியதும் −2 ஆகிவிட்டது. இழப்பு (அலையின் ஆற்றல் பொருளுக்குள் வெப்பமாவது) கூடியிருக்க வேண்டாமா?

பதில்: கூடித்தான் இருக்கிறது. ஆனால் இழப்பு நடக்கும் இடத்துக்கு அலை போய்ச் சேரவில்லை.

−4 டெசிபல் என்றால் விழுந்த ஆற்றலில் 40 சதவீதம் திரும்பி வருகிறது. −2 என்றால் 63. அலைக்கு ஒரு ஊடகம் காட்டும் தடை போன்ற அளவுதான் இம்பீடன்ஸ்; இரண்டு ஊடகங்களில் அது எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு அலை எல்லையிலேயே திரும்பும். காற்றின் இம்பீடன்ஸ் 377 ஓம். காந்தத்தன்மை இல்லாத பொருளில் இந்த 377-ஐ ஒப்புமை விடுதிறனின் (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதை வெற்றிடத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடுதிறன் 20 ஆனால் முன்பக்க மேற்பரப்பே சுமார் 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 100 ஆனால் 67 சதவீதம். உங்கள் இரண்டு அளவீடுகளும் ஏறக்குறைய இதே எண்கள்தான்.

நானோகுழாய்கள் ஒன்றையொன்று தொட்டு வலையாகப் பின்னிக்கொண்டதும் கடத்துதிறன் பல மடங்கு எகிறும், விடுதிறனும் கூடவே ஏறும். குழாய்கள் நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் 1 சதவீதத்துக்குக் கீழேயே இது நடந்துவிடலாம். 5 சதவீதத்தில் நீங்கள் செய்தது உறிஞ்சி அல்ல, மின்காந்தக் கவசம். ஒரு பெட்டிக்குள் அலை நுழையாமல் தடுக்க அது நன்றாகவே வேலை செய்யும். கவசம் பற்றிய கட்டுரைகளைப் படித்துவிட்டு உறிஞ்சி செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

சரி, வேண்டிய விளைவிலிருந்து பின்னோக்கி வருவோம். 10 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 30 மி.மீ. பொருளுக்குள் அது விடுதிறனின் வர்க்கமூலத்தால் சுருங்கும். அதில் கால் பங்கு தடிமன் இருந்தால், உலோகத் தகட்டில் பட்டுத் திரும்பும் அலை முன்பக்கத்தில் எதிரொளித்த அலைக்கு எதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி, வெளியே வந்து அதை அழிக்கும். விடுதிறன் 9 என்று வைத்துக்கொண்டால் தடிமன் 2.5 மி.மீ. எதிர்க் கட்டம் மட்டும் போதாது, இரண்டு அலைகளின் வீச்சும் சமமாக இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது இழப்பு. விடுதிறன் இரண்டு பகுதி கொண்ட எண்: இதுவரை சொன்னது மெய்ப்பகுதி, இழப்பைக் காட்டுவது கற்பனைப் பகுதி. மெய்ப்பகுதி 9 என்றால் கற்பனைப் பகுதி 4 அருகில் இருக்கட்டும். கணக்கு சுமார் −25 டெசிபல் தரும். இழப்பு இதைவிடக் குறைந்தால் பின்னாலிருந்து வரும் அலை மிஞ்சும், கூடினால் முன்பக்க எதிரொளிப்பு மிஞ்சும்.

ஆகவே 9, 4 என்ற இலக்கை வைத்துக்கொண்டு நானோகுழாயைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கலக்கும் முறையையும் குறித்து வையுங்கள்: அதே 1 சதவீதம், நன்றாகப் பிரிந்திருந்தால் ஒரு விடுதிறன், கட்டி கட்டியாக இருந்தால் வேறொன்று. என்னைக் கேட்டால் முதல் முயற்சிக்கு கார்பன் பிளாக் (நுண்ணிய கரித்தூள்) போதும். வலை பின்னத் தொடங்கும் அளவு அதில் மேலே இருப்பதால் எடையில் சின்னப் பிழை வந்தாலும் எல்லாம் தலைகீழாகாது. கார்போனைல் இரும்புத் தூள் உட்புகுதிறனையும் (காந்தப்புலத்துக்கான அதே போன்ற எண்) உயர்த்துவதால் தடிமனைக் குறைக்கலாம். ஆனால் எடையில் பாதிக்கு மேல் அதுவே வேண்டியிருக்கும், பாரம் தாங்காது.

எவ்வளவு மெல்லியதாக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2000-இல் ஆய்வாளர் ரோசனோவ் வெளியிட்ட வரம்பின்படி, காந்தமில்லாத உறிஞ்சி எக்ஸ் பேண்ட் முழுவதும் −10 டெசிபல் தர வேண்டுமென்றால் குறைந்தது 0.7 மி.மீ. தடிமன் வேண்டும். 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்டால் 7.8 மி.மீ. அதை மீறியதாக யாராவது சொன்னால் அளவீட்டைச் சந்தேகியுங்கள். −60 டெசிபல் என்று பெருமையடிக்கும் கட்டுரைகளையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள். −20-லேயே 99 சதவீதம் உறிஞ்சியாகிவிட்டது. அதற்கு மேல் பேண்ட் அகலம்தான் பேச வேண்டும். அந்த −60 பெரும்பாலும் பொருளைப் பாரஃபின் மெழுகில் கலந்து செய்த வளைய வடிவ மாதிரியை அளந்து, தடிமனைக் கணினியில் மாற்றி மாற்றிப் பார்த்துக் கிடைத்த எண். மெழுகில் வந்த விடுதிறன் எப்பாக்சியில் வராது.

அதனால் இறுகிய எப்பாக்சித் துண்டையே அலைவழிகாட்டியில் (மைக்ரோவேவைக் கொண்டுசெல்லும் செவ்வக உலோகக் குழாய்) வைத்து அளவிடுங்கள். எக்ஸ் பேண்டுக்கு அதன் உள்ளளவு 22.86 × 10.16 மி.மீ. துண்டுக்கும் அகலமான சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தால்கூட விடுதிறன் குறைவாகக் காட்டும். வெள்ளிப் பசை பூசி அடைத்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் 2 மி.மீ. தடிமன். கலவை சரியாக அமைந்திருந்தாலும் விடுதிறன் 9-இல் உறிஞ்சல் உச்சம் 12.5 கிகாஹெர்ட்ஸுக்குப் போயிருக்கும், எக்ஸ் பேண்டுக்கு வெளியே. அடுத்த முறை 3 மி.மீ. தடிமனில் வார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இடையிடையே அளந்து பாருங்கள். நானோகுழாய்த் தூள் காற்றில் பறக்கக் கூடாது. ஈரமாகத் தேயுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.