பேரன் பொண்டாட்டியாக முதல் பயணம்: கடலுக்குப் போகும் நாளைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்

கேள்வி: கல்யாணமாகி நான்கு மாதம். சென்னையில் இருக்கிறோம். கணவரின் அப்பத்தாவும் சித்தப்பா குடும்பமும் மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறார்கள். அப்பத்தாவால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. சித்தப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். முதல்முறையாக நாங்கள் இருவர் மட்டும் மூன்று நாள் போகப்போகிறோம். நான் ஈரோட்டுப் பெண். மீன் சாப்பிட்டுப் பழக்கமில்லை. ராமேஸ்வரத்தில் அறை எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அறை வேண்டாம், அப்பத்தா வீட்டிலேயே படுங்கள். பேரன் பொண்டாட்டியைப் பார்க்கக் காத்திருக்கிற மனுஷி அவர். பக்கத்து ஊர்வரை வந்துவிட்டு ஓட்டலில் தங்கினார்கள் என்றால், அந்தக் குறை அவர் மனதை விட்டுப் போகாது.

டிக்கெட் போடும் முன்னால் சித்தப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள். அந்தப் பக்கம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். கரை திரும்புகிற காலையில் மீன் பிரிப்பது, ஐஸ் போடுவது, கணக்குப் பார்ப்பது என்று ஆளுக்கு ஒரு வேலை இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பெட்டியோடு போய் நின்றால் அவர்களுக்குத்தான் சங்கடம். வியாழன் இரவு ரயில் ஏறி வெள்ளிக் காலை இறங்குங்கள். அன்று சித்தப்பா வீட்டில் இருப்பார். சனிக்கிழமை அவர் கடலுக்குப் போனதும் நீங்கள் ராமேஸ்வரம் போய் வரலாம். ஞாயிறு காலை படகு வரும்போது துறைக்குப் போய் நில்லுங்கள், அவருக்குப் பெருமையாக இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஆள் வீட்டில் இருப்பார், கையில் காசு இருக்காது. அந்தச் சமயம் போனால் அரிசி, எண்ணெய், காய்கறி என்று வழியிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது விருந்து வைப்பார்கள்.

சாப்பாட்டு விஷயத்தை உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் கிளம்பும் முன்பே. இதில் நான் கறாராகவே இருப்பேன். இலையில் மீன் விழுந்த பிறகு நீங்களே கையை மறித்து வேண்டாம் என்றால், அது மறுத்த மாதிரி ஆகிவிடும். “அவளுக்கு மீன் பழக்கமில்லை சித்தி, ஒரு ரசமும் அப்பளமும் போதும்” என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. வீட்டு வாசலில் பாயில் கருவாடு காயும், வாடை வரும். மூக்கைப் பொத்தாதீர்கள். அரை நாளில் பழகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்காமல் அடுப்படியில் போய் வெங்காயமாவது உரித்துக் கொடுங்கள்.

தண்ணீரில் கவனம் வேண்டும். பல கடற்கரைக் கிராமங்களில் குடிநீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்; சில இடங்களில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். ஒரு குடம் நிறைய நேரமாகும். அதனால் எது குடிக்கிற குடம், எது புழங்குகிற தண்ணீர் என்று போனதும் கேட்டுக்கொள்ளுங்கள். தலைக்குக் குளிப்பதைச் சென்னையிலேயே முடித்துவிடுங்கள்.

என்ன வாங்கிப் போவது? அப்பத்தாவுக்கு நூல் சேலை, வெற்றிலை பாக்கு. மற்றபடி பூ, பழம். அப்புறம் உங்கள் ஊர் மஞ்சள். மீன் கழுவுவதிலிருந்து குழம்புவரை மஞ்சள் இல்லாமல் அந்த அடுப்படியில் வேலை நடக்காது. ஈரோட்டு மஞ்சள் என்று சொல்லிக் கொடுங்கள். அங்கே எத்தனை வீட்டுக்குப் போக வேண்டும் என்று கணவரிடம் முதலிலேயே எண்ணிக்கை வாங்கி, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வாங்குங்கள். சமீபத்தில் துக்கம் நடந்த வீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அங்கே என்ன முறை என்பதைச் சித்தி சொல்வார், அப்படியே செய்யுங்கள்.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுவதென்றால் மாற்றுத்துணி அவசியம். கோயில் மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். தனுஷ்கோடி போவதானால் அப்பத்தாவிடம் சொல்லிக்கொண்டு போங்கள். 1964 டிசம்பர் புயலை அந்த வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் பேச ஆரம்பித்தால் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். பேருந்தை அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம்.

மண்டபத்தில் இறங்கிவிட்டால் பாம்பன் ரயில் பாலம் வராது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் போக ஆசையிருந்தால், திரும்பும்போது ராமேஸ்வரத்திலேயே ரயில் ஏறுங்கள்.

கிளம்பும்போது முண்டு மிளகாயும் கருவாடும் கட்டிக் கொடுப்பார்கள். நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கருவாட்டை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது அப்பத்தா தன் பேரனுக்குக் கொடுப்பது. இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றைப் போகும்போதே காலியாக எடுத்து வையுங்கள்.