டாக்டர்களின் இன்சூரன்ஸ் பிரீமியமும் டார்ட் சீர்திருத்தமும் (நஷ்டஈட்டு வழக்குச் சட்ட மாற்றங்கள்): கேள்வி பதில்

கேள்வி: டெக்சாஸில் மருத்துவத் தவறு வழக்குகளின் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு வந்த பிறகு டாக்டர்களின் பிரீமியம் நிஜமாகவே இறங்கியதா?

பதில்: இறங்கியது. 2003 செப்டம்பரில் இந்த உச்சவரம்புக்கு வழிவிடும் 12-ஆம் முன்மொழிவை வாக்காளர்கள் ஏற்றார்கள். டாக்டர்களுக்கு இன்சூரன்ஸ் தரும் டெக்சாஸ் மெடிக்கல் லயபிலிட்டி டிரஸ்ட் 2004 ஜனவரியிலேயே பிரீமியத்தை 12 சதவீதம் குறைத்தது. பிறகும் பலமுறை குறைத்தது. ஆனால் எல்லாமே உச்சவரம்பால் நடந்ததல்ல. அதற்கு முன் விலை எகிறியதில் கம்பெனிகளின் முதலீட்டு வருமானம் சரிந்ததற்கும் பங்குண்டு. செயின்ட் பால் என்ற இன்சூரன்ஸ் நிறுவனம் 2001 இறுதியில் இந்தத் தொழிலையே கைவிட்டதில் போட்டியும் குறைந்தது.

கேள்வி: டெக்சாஸ் உச்சவரம்பான 2,50,000 டாலர்தான் மொத்த நஷ்டஈடா?

பதில்: இல்லை. அது வலி, வேதனை போன்றவற்றுக்கு மட்டும். நோயாளி உயிரோடிருக்கும் வழக்கில் சிகிச்சைச் செலவுக்கு 9 லட்சம், சம்பள இழப்புக்கு 6 லட்சம், வேதனைக்கு 20 லட்சம் டாலர் என்று ஜூரி சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மீது மட்டும் வழக்கு என்றால் அந்த 20 லட்சம் இரண்டரை லட்சமாகும், மொத்தம் 17.5 லட்சம். மருத்துவமனையும் பொறுப்பானால் அதற்குத் தனி வரம்பு உண்டு.

இதே தவறு ஓய்வுபெற்ற ஒரு பாட்டிக்கு நேர்ந்தால் சம்பள இழப்பு பூஜ்யம். பிரதிவாதி பதில் மனு போட்ட 120 நாளுக்குள் நிபுணர் அறிக்கை கொடுக்காவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம். அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று வக்கீல்கள் கேஸையே எடுக்கத் தயங்குகிறார்கள். பிரீமியம் குறைந்ததன் சுமை இப்படிப்பட்டவர்கள் தலையில் விழுவது நியாயமே இல்லை.

கேள்வி: கலிஃபோர்னியாவில்?

பதில்: அங்கே 1975 முதல் 2022 வரை அதே 2,50,000, விலைவாசிக்கு ஏற்ப உயரவே இல்லை. 1988-இல் வந்த 103-ஆம் முன்மொழிவு இன்சூரன்ஸ் கட்டணத்தையே அரசின் முன் அனுமதிக்குள் கொண்டுவந்தது. அதனால் எது எவ்வளவு குறைத்தது என்று பிரிப்பது கடினம். 2023-இல் வரம்பு 3,50,000, மரணம் என்றால் 5,00,000 ஆனது. அதிலிருந்து பத்தாண்டில் படிப்படியாக முறையே 7,50,000, 10,00,000 ஆகும்.

கேள்வி: கட்டணம் குறைந்தது என்கிறார்கள், என் பில் மட்டும் வருடாவருடம் கூடுகிறதே?

பதில்: உங்களுடையது க்ளெய்ம்ஸ் மேட் பாலிசியாக இருக்கும், அதாவது பாலிசி நடப்பில் இருக்கும்போது வரும் புகார்களுக்கு மட்டும் பணம் தருவது. முதல் வருடம் மலிவு; பழைய சிகிச்சைகளின் மீதான புகார்களும் சேரச்சேர ஏறி, சுமார் ஐந்தாம் வருடம்தான் நிலைக்கும். ஒப்பிடுவதானால் அந்த முதிர்ந்த கட்டணத்தை, அதே சிறப்புத்துறை, அதே கவுண்ட்டி, அதே கவரேஜ் வரம்பு வைத்து ஒப்பிடுங்கள். வேலை மாறும்போது டெயில் கவரேஜ் (பாலிசி முடிந்தபின் பழைய சிகிச்சைகள் மீது வரும் புகார்களுக்கான பாதுகாப்பு) வாங்க ஒரு வருட முதிர்ந்த பிரீமியத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குகூட ஆகலாம். அதை யார் கட்டுவது என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன்பே எழுதி வாங்குங்கள்.