பாட்டி கேட்ட பவண்டோ

கேள்வி: எங்க வீட்டு வளைகாப்புக்கு கூல்ட்ரிங்க்ஸ் வாங்கப் போறப்போ பாட்டி மட்டும் "எனக்கு காளிமார்க்தான்டி வேணும்"னு சொல்லிட்டாங்க. அது சென்னைக் கம்பெனின்னு நான் நெனச்சிட்டிருந்தேன், பாட்டி இல்லவே இல்லங்கறாங்க. இத்தனை பெரிய கம்பெனிங்க வந்தப்புறமும் அது எப்படி நிக்குது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பாட்டி சொன்னதுதாம்மா சரி. காளிமார்க் பொறந்தது விருதுநகர்ல, 1916ல, ஆரம்பிச்சவர் பழனியப்ப நாடார். அப்போ அவங்களோட பவண்டோ கூல்ட்ரிங்க்ஸ்லாம் கிடையாது, அது 1950கள் முடியற நேரத்துலதான் வந்துச்சு.

அந்தக் காலத்துல சோடான்னா கோலி சோடாதான், அந்த பாட்டில் எனக்கு இன்னைக்கும் அதிசயம். 1872ல ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் பேட்டன்ட் வாங்கினது. கேஸ் ஏத்தறப்போ பாட்டிலைத் தலைகீழா கவுப்பாங்க, கோலி கழுத்துக்கு வந்துரும், உள்ள இருக்கற கேஸே அதைத் தள்ளி ரப்பர் வளையத்துல இறுக்கிப் புடிச்சுக்கும், தனியா மூடியே வேணாம். கட்டை விரலால ஒரே அமுக்கு, டப்புனு சத்தம், கோலி கீழ எறங்கி கழுத்து இடுக்குல உக்காந்துக்கும்.

எப்படி நிக்குதுன்னு கேட்டீங்கல்ல, கம்பெனியை யாருக்கும் விக்காததாலதான் நிக்குதும்மா. 1977ல கோக் நாட்டை விட்டுப் போச்சு, உள்ளூர்க் கம்பெனிங்க கொஞ்சம் மூச்சு விட்டாங்க, 1993ல அது திரும்பி வந்தப்போ தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாத்தையும் வச்சிருந்த பார்லே கம்பெனியே அந்த பிராண்டுகளை கோக்குக்கு வித்துடுச்சு. அவ்ளோ பெரியவங்களே வித்த நேரத்துல விருதுநகர்க் குடும்பம் தன் பேரைத் தன்கிட்டயே வச்சிருந்துச்சு, அந்தத் தைரியத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். இன்னொன்னு, கூல்ட்ரிங்க்ஸ்ங்கறது பெரும்பாலும் தண்ணி, கண்ணாடி பாட்டில்னா அதைவிட வெயிட்டு, காலி பாட்டிலையும் திரும்ப எடுத்துட்டு வரணும், அதனால பக்கத்துலயே தயாரிச்சு பக்கத்துலயே விக்கறவங்களுக்கு லாரி வாடகை மிச்சம்.

அப்புறம் 2017. மெரினால ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்ச கையோட வணிகர் சங்கங்க மார்ச் 1லேர்ந்து பெப்சி, கோக் விக்கறதில்லன்னு அறிவிச்சாங்களே, அப்போதான் சின்னப் பசங்க கூட கடைல பேர் சொல்லி பவண்டோ கேட்டாங்க.

பாட்டிக்குக் குடுக்கறப்போ ஐஸ்கட்டி போடாதீங்கம்மா. பாட்டிலோட ஃப்ரிட்ஜ்ல வச்சு சில்லுனு குடுங்க, ஐஸ் போட்டா கேஸும் சட்டுனு போயிடும், பவண்டோவோட அந்தத் திராட்சை வாசனையும் தண்ணியாயிடும்.