ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி செய்தால் பென்டிரைவ் பூட் ஆகாது

கேள்வி: மன்னார்குடியில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு அடிப்பது, நெல் கொள்முதல் நிலையத்தில் கொடுக்கச் சிட்டா, அடங்கல் பிரின்ட் எடுப்பது, இதுதான் பிழைப்பு. லேப்டாப் 2017-இல் வாங்கியது, விண்டோஸ் 10. இனி அப்டேட் இல்லை என்று திரையில் வருகிறது. விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். அக்கா மகன் சொன்னபடி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மின்ட்டை இறக்கி, அந்த ஐஎஸ்ஓ ஃபைலைப் பென்டிரைவில் காப்பி செய்து மாட்டினேன். பழையபடி விண்டோஸ்தான் வருகிறது. சர்வீஸ் கடையில், "யூஎஸ்பி பூட் சிப் போய்விட்டது, போர்டு மாற்ற வேண்டும். இல்லையென்றால் 2,500 ரூபாய் கொடுங்கள், லைஃப்டைம் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். டி டிரைவில் ஒன்பது வருட ஃபைல்கள் இருக்கின்றன. அதனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியமாக இருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, முதலில் போர்டு மாற்றும் பேச்சை விடுங்கள். யூஎஸ்பி பூட்டுக்கென்று, அதாவது பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குவதற்கென்று, தனியாக ஒரு சிப் எந்த லேப்டாப்பிலும் கிடையாது. அந்த போர்ட்டில் பென்டிரைவ் திறக்கிறது, ஃபைல் காப்பி ஆகிறது என்றால் போர்ட் நன்றாக இருக்கிறது. நீங்கள் தயார் செய்த பென்டிரைவ் நேற்று வாங்கிய புது லேப்டாப்பிலும் பூட் ஆகாது.

காரணம் இதுதான். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கை ஒரே ஃபைலாகக் கட்டி வைத்தது. லேப்டாப் உயிர் பெற்றதும் பென்டிரைவைப் பார்த்து, இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா, அதற்குள் பூட் என்ற ஃபோல்டரும் தொடக்க ஃபைலும் இருக்கின்றனவா என்று மட்டும்தான் தேடும். உங்கள் பென்டிரைவில் அது கண்டது ஏறக்குறைய 3 ஜிபி அளவில் ஒரே ஒரு ஃபைல். தேடியது கட்டுக்குள்ளே கிடக்கிறது, கட்டைப் பிரிக்க அதற்குத் தெரியாது. எனவே விண்டோஸுக்கே திரும்பிவிட்டது. ஐஎஸ்ஓவைக் காப்பி செய்யக் கூடாது, "எழுத" வேண்டும். அதற்குத் தனி மென்பொருள் உண்டு. விண்டோஸில் நான் பரிந்துரைப்பது ரூஃபஸ். இலவசம், இரண்டு எம்பி அளவுதான், இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம்.

ஆனால் அதற்கு முன்னால் உங்கள் டி டிரைவ் தைரியம் எனக்குக் கவலையாக இருக்கிறது. டி டிரைவ் பெரும்பாலும் வேறு டிஸ்க் அல்ல. ஒரே வயலின் நடுவில் போட்ட வரப்பு மாதிரி, ஒரே ஹார்டுடிஸ்க்கை இரண்டாகக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். மின்ட் இன்ஸ்டால் செய்யும்போது "எரேஸ் டிஸ்க்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சி, டி இரண்டும் ஒன்றாகப் போகும். கடையில் கொடுத்தாலும் இதே ஆபத்துதான். "ஃபார்மட் அடிச்சாச்சு, டேட்டா வேணும்னு நீங்க சொல்லலையே" என்ற பதிலைக் கேட்டுவிட்டு என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. வெளியே தனி ஹார்டுடிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள், அதை வீட்டில் வையுங்கள், கடையில் வைக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, நனைந்த டிஸ்க்கைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கமிருந்து வந்தார்கள். கம்ப்யூட்டரும் பேக்கப்பும் ஒரே மேசையில் இருந்தவர்களுக்கு என்னால் எதையும் மீட்டுத் தர முடியவில்லை.

பேக்கப் எடுத்தாயிற்றா, இப்போது ஐஎஸ்ஓ. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் 3 ஜிபி ஃபைல் பாதியில் நின்றுவிடும், சில சமயம் முடிந்ததுபோலவே காட்டும். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் ஒரு சிறு டிக் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் நீளமான எண்-எழுத்து வரிசைகள் வரும். ஃபைல் முழுதாக வந்ததா என்று பார்க்க, அவற்றில் எஸ்ஹெச்ஏ256 என்ற வரியை மின்ட் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்து பொருந்தினால் எனக்குப் போதும். இறக்குவது லினக்ஸ்மின்ட் டாட் காம் தளத்திலிருந்து மட்டும். தேடலில் முதலில் வரும் விளம்பரத் தளங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் டவுன்லோட் பட்டன்களைத் தொடவே கூடாது. உங்கள் லேப்டாப்புக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு ஏற்றது. 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும்.

பென்டிரைவ் 8 ஜிபி போதும், ஆனால் நல்லதாக இருக்க வேண்டும். சந்தையில் 300 ரூபாய்க்கு "2 டிபி" என்று விற்பது பொய். உள்ளே சின்ன சிப்பை வைத்து அளவைப் பெரிதாகக் காட்டுகிறார்கள், அதற்கு மேல் எழுதுவதெல்லாம் காற்றோடு போகும். ரூஃபஸில் ஃபார்மட் ஆப்ஷன்களுக்குள் "பேட் பிளாக்ஸ்" சோதனை இருக்கிறது, இந்த மோசடியை அது காட்டிக்கொடுக்கும். பென்டிரைவில் இருப்பது முழுவதும் அழியும் என்பதால் அதிலிருக்கும் கல்யாணப் போட்டோக்களை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எழுதுவது எளிது. டிவைஸில் உங்கள் பென்டிரைவ் பெயர்தானா என்று பார்த்து, ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் ஸ்கீமில் ஜிபிடி வைத்து, ஸ்டார்ட். ஒரு கேள்வி வரும், "ரெகமண்டட்" என்று போட்டிருப்பதற்கே ஓகே கொடுங்கள். பத்து நிமிடம். நடுவில் கரண்ட் போனால் மறுபடி எழுதிக்கொள்ளலாம், நஷ்டமில்லை. ஆனால் லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்யும்போது கரண்ட் போகக் கூடாது. ஒன்பது வருட பேட்டரி தாங்காது. மின்வாரியத்தின் மாதாந்திர ஷட்டவுன் நாளில் அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த "லைஃப்டைம் விண்டோஸ் 11" பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசஸர்களை மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை ஒரு கோடு கிழித்துக் குப்பை என்று சொல்லும் ஏற்பாடு இது, எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. சோதனையை ஏமாற்றி அந்தக் கோட்டைத் தாண்டலாம். கடைகளில் செய்வது அதுதான். பிறகு ஆக்டிவேட்டர் என்ற திருட்டுச் சாவியை ஓட்டுவார்கள், அதற்கு முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துவார்கள். உள்ளே என்ன புகுந்தது என்று அவர்களுக்கே தெரியாது. ஊரார் ஆதார் எண்ணும் பட்டா எண்ணும் அடிக்கிற கம்ப்யூட்டரில் இதைச் செய்ய விடாதீர்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு புரட்டு, "விண்டோஸை அழித்தால் திரும்பப் போடச் சாவி வாங்கணும்" என்பது. விண்டோஸ் 10-ஓடு வந்த லேப்டாப் என்றால் அதன் சாவி, அதாவது உரிம எண், போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைத் திரும்பப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால் தானே ஆக்டிவேட் ஆகும். காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் திரும்பி வர ஒரு பென்டிரைவ் வேண்டும். அதை இப்போதே, விண்டோஸ் இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் விரித்துச் சொல்கிறேன். ரூஃபஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மின்ட்டிலும் பென்டிரைவ் எழுதும் கருவி இருக்கிறது, அது லினக்ஸ் ஐஎஸ்ஓவை அழகாக எழுதும். விண்டோஸ் ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் எழுதி முடித்ததாகச் சொல்லும், பூட் ஆகாது. லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் டிவிடி, பென்டிரைவ் இரண்டுக்கும் பொருந்தும்படி கட்டப்பட்டவை, விண்டோஸுடையது அப்படியில்லை. சரி, பிரித்து நாமே காப்பி செய்யலாம் என்றால் அங்கேயும் முட்டும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வைக்க முடியாது, விண்டோஸின் முக்கிய ஃபைல் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். நல்லவேளை, இன்று உங்களிடம் விண்டோஸ் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 10-க்கான மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, இன்னொரு 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, மேலே "விண்டோஸ்" என்று பிளாஸ்திரி ஒட்டி பீரோவில் வையுங்கள்.

மின்ட் பென்டிரைவிலிருந்து பூட் செய்ய, லேப்டாப்பை ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய பட்டன் லெனோவா, டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. கம்பெனிக்கு ஒரு பட்டன் வைத்து மக்களைத் தடுமாற விட்டு இத்தனை வருடமாகிறது, இன்னும் ஒருவரும் சரி செய்யவில்லை. பட்டனை மறந்துவிட்டு விண்டோஸிலேயே ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். வரும் நீலத் திரையில் "யூஸ் எ டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்துப் பென்டிரைவைக் காட்டினால் போதும்.

மின்ட் திரை வந்ததும் உடனே இன்ஸ்டாலுக்குப் போகாதீர்கள். பென்டிரைவிலிருந்தே அது முழுதாக ஓடும், டிஸ்க்கைத் தொடாது. வைஃபை வருகிறதா பாருங்கள். டி டிரைவைத் திறந்து ஒரு பழைய மனுவைப் பாருங்கள். வானவில் எழுத்துருவில் அடித்ததென்றால் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும், பயப்பட வேண்டாம். விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துரு ஃபைலை முன்பே எடுத்து வைத்து, மின்ட்டில் இரண்டு முறை சொடுக்கி இன்ஸ்டால் செய்தால் தமிழாகிவிடும். புதிதாக அடிப்பதை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. அதற்குப் பிறகும் "வானவில்லில் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்களை என்னவென்று சொல்வது!

கடைசியாக உங்கள் பிரின்டர். தட்டச்சுக் கடைகளில் நிறையப் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் எளிதில் பேசாது. உங்களுடையதும் அதுவென்றால் இதைப் பொறுத்துத்தான் முடிவே. பென்டிரைவில் மின்ட் ஓடும்போதே பிரின்டரை மாட்டி ஒரு பக்கம் கொடுத்துப் பாருங்கள். தாள் வந்தால் இன்ஸ்டால் ஐகானைத் திறந்து, "எரேஸ் டிஸ்க்" வேண்டாம், விண்டோஸுக்குப் பக்கத்தில் வைக்கும் "அலாங்சைட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். தாள் வராவிட்டால் ரீஸ்டார்ட் கொடுத்துப் பென்டிரைவை உருவிவிடுங்கள். விண்டோஸ் இருந்தபடியே வரும்.