கேமில் லெவல் ஏறுகிறான், புத்தகம் படிக்க வரவில்லை
டிஸ்லெக்சியா (எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் சிரமம்) உள்ள மகன், எழுத்தின் ஒலியைக் கற்றுத்தரும் கேமில் முன்னேறியும் புத்தகம் படிக்கத் திணறுகிறான் என்கிறீர்கள். கேமை நிறுத்த வேண்டாம், ஆனால் தனியாக விளையாட விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தொடும் ஒவ்வொரு எழுத்தையும் மகனையே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: திரையில் நான்கு எழுத்தைக் காட்டி 'தொ எது?' என்றால் தொட்டுவிடலாம், புத்தகத்தில் அந்த ஒலியை அவனேதான் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் உருவான கிராஃபோகேம் என்ற இத்தகைய கேம் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், பெரியவர் கூடவே இருந்த இடங்களில்தான் வாசிப்பில் பலன் தெரிந்தது.

சரி, இன்றைக்கே தாளில் 'மீபு', 'தொகி' என்று அர்த்தமில்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள். மெதுவாகவாவது கூட்டிப் படித்தால் ஒலி பிடிபட்டுவிட்டது, வேகம்தான் வர வேண்டும். தொ, தோ குழம்பினால் கேமில் அந்த எழுத்துகள் வரும் லெவலுக்கே திரும்பப் போங்கள்.

டிஸ்லெக்சியாவுக்கு கேம் மட்டும் போதாது, சிறப்பு ஆசிரியரின் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.